பதினேழு கல், பதினாறு சந்து

2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தேன். முந்தைய நாளின் நாட்குறிப்பை எழுதி முடித்தபோது மணி ஐந்தே முக்கால். குளித்து, தலை துவட்டி, இரண்டு பேனாவிலும் மை இருக்கிறதா என்று பழைய தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, ஆறரைக்கு விடுதி அறையின் சன்னலைத் திறந்தேன். நாகர்கோவிலில் என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் தென்னை ஓலை முகத்தில் இடிக்கும். செஞ்சியில் பாறை. யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து, மீதியை நாளை பார்க்கலாம் என்று போய்விட்டதுபோல் கிடக்கும் பாறைகளின் உச்சியில் கோட்டை.

என் தொழில் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவது. கூட்டுறவுச் சங்கம், பள்ளி நிர்வாகக் குழு, குடியிருப்போர் சங்கம் என்று இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் பேசுவதை எழுதிக் கொடுத்துவருகிறேன். இந்த முறை அழைத்தது சென்னையில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனம். செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து ஏரியைச் சீரமைக்கிறார்கள். அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் திட்டத்தை மக்கள்முன் வைப்பார்கள். அங்கே நடப்பதை நான் எழுத வேண்டும். ஊர் தொண்டூர்ப் பக்கம். பெயரை எழுத வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். பெயர் வெளியே தெரிந்தால் இன்னொரு குழு வந்துவிடுமாம்.

காலை உணவு இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும். தேங்காய்ச் சட்னி உண்டா என்று கேட்டேன். பரிமாறியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, இங்கே மல்லாட்டைதான் என்றார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஆலோசனை நிறுவனத்து நிபுணர் பத்து நாற்பத்திரண்டுக்கு வந்தார். விற்பனைக்கூடத்துக்குப் போகும் நெல் லாரிகளுக்கு நடுவே கார் மாட்டிக்கொண்டதாம். ஓட்டுநர் முதல் விடுதி மேலாளர் வரை எல்லாரும் அவரை முனைவர் என்றே அழைத்தார்கள். கதர்ச் சட்டை, தோளில் துணிப்பை, மிக மரியாதையான பேச்சு. இருநூற்றுப் பதினான்கு பக்க ஆங்கில அறிக்கையை என்னிடம் கொடுத்தார். அதன்மேல் நான்கு பக்கத் தமிழ்த் தட்டச்சு ஒன்றும் இருந்தது. மொழியை மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்.

தலைப்பு: கிராம சபைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, 02.10.2024. அன்று தேதி முப்பது. "திட்டத்தைப் பொதுமக்கள் பலத்த கரவொலியுடன் ஒருமனதாக வரவேற்றனர்" என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. வந்தவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் காலியாக விட்டிருந்தார்கள். கரவொலி பலமாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். முனைவர் சிரித்தார். இணையதளத்தில் ஏற்ற இன்றுதான் கடைசி நாள் என்றும், மக்கள் நல்லவர்கள், கைதட்டிவிடுவார்கள் என்றும் சொன்னார்.

தொழில் பழக்கத்தில் நான்கு பக்கத்திலும் இருந்த ஏழு பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். அறைக்குத் திரும்பி, வெந்நீர் குடித்த பிறகுதான் எதைத் திருத்திக் கொடுத்தேன் என்று உறைத்தது. அன்று மாலை வரை அறிக்கையைப் படித்தேன். மக்கள் முதன்முதலாக வருவது நன்றியுரையில்.

அக்டோபர் 1, செவ்வாய். ஏரியைப் பார்க்கப் போக வேண்டும். காரில் எனக்கு இடம் இல்லை; பின்னிருக்கையில் டிரோன் பெட்டி இருந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் போனேன். ஊர் வந்தால் சொல்வதாக நடத்துநர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால், சம்பந்தி வீட்டில் கறிக்குழம்பில் காரம் போதவில்லை என்று முன்சீட்டில் ஓர் அம்மாள் தொடங்கிய வழக்கில் அவர் நடுவராக அமர்ந்துவிட்டார். இரண்டு தரப்பையும் கேட்டு அவர் தீர்ப்புச் சொல்லும்போது நான் இறங்க வேண்டிய ஊர் ஒரு நிறுத்தம் பின்னால் போயிருந்தது. ஏரிக்கரை மேலேயே திரும்பி நடந்தால் கால் மணி நேரம் என்று ஓட்டுநர் வழி சொன்னார்.

இருபத்து மூன்று நிமிடம் ஆயிற்று. கரையின் இரு பக்கமும் வேலிகாத்தான் முள் அடர்ந்து தலைக்குமேல் கூடியிருந்தது. ஓரிடத்தில் டிராக்டர் ஏறி இறங்கிக் கரை தேய்ந்து பள்ளமாக இருந்தது. அதில் சறுக்கி உட்கார்ந்தேன். புடவையின் நிலை பற்றி எழுதத் தேவையில்லை.

முள் முடிந்த இடத்தில் கருங்கல் கட்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் இடம். எங்கள் ஊரில் மறுகால். இங்கே கோடி என்கிறார்கள். அதன்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருந்தன, ஒவ்வொன்றும் தொடை உயரம். எண்ணினேன். பதினேழு கல், நடுவே பதினாறு சந்து. தெற்கு ஓரத்தில் மூன்று சந்துகளில் புதுக் கான்கிரீட் போட்டு அடைத்திருந்தது.

இது அறிக்கையில் எண்பத்தெட்டாம் பக்கம். கலங்கல் (கோடிக்கு அறிக்கையில் அந்தப் பெயர்) சிதிலமடைந்துள்ளது, கற்களுக்கு இடையிலான பூச்சு பதினாறு இடங்களில் விழுந்துவிட்டது, கான்கிரீட்டால் நிரந்தரமாக அடைத்தால் ஏரியின் கொள்ளளவு கூடும் என்று எழுதியிருந்தது. மூன்று சந்தும் மாதிரிக்காக அடைத்தவை.

வாய்க்காலில் நூறு நாள் வேலைப் பெண்கள் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருத்தி மண்வெட்டியை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். கழுத்தில் சிறிய சிலுவை. பெயர் அந்தோணியம்மாள்.

"யாருக்கா நீ? டிரோன் வுடுற ஆளா?"

கூட்டத்தில் பேசுவதை எழுதுகிற ஆள் என்றேன்.

"அது இன்னும் மோசமாச்சே."

பிறகு அவள் சொன்னதை நின்றபடியே எழுதிக்கொண்டேன். பூச்சு எதுவும் விழவில்லை. அந்தச் சந்துகள் எப்போதும் சந்துகள்தான். மழைக்காலம் முழுக்கத் திறந்தே இருக்கும். வெள்ளம் வந்தால் அதன் வழியாகப் போய்விடும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் அடைப்பார்கள், கடைசித் தண்ணீர் நிற்பதற்காக. ஏரிக்குள் தண்ணீர் ஏறினால், ஏரியின் உட்புற ஓரத்தில் இருக்கும் மேலண்டைக்காரர்களின் நிலம் ஊறும். ஏறாவிட்டால், கரைக்கு வெளியே ஏரித் தண்ணீரில் பயிரிடும் கீழண்டைக்காரர்களின் நெல் கதிர் பிடிக்கும் நேரத்தில் காயும். ஆகவே அடைப்பதற்குக் களிமண் மேலண்டை கொண்டுவர வேண்டும், வைக்கோல் கீழண்டை கொண்டுவர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அடைப்பு நிற்கும். எந்தத் தேதியில் அடைப்பது என்று வருடா வருடம் பத்து நாள் சண்டை நடக்கும், அடைத்த அன்று சேர்ந்து சாப்பிடுவார்கள்.

அவள் வீடு மேலண்டையில் கடைசி வீடு. ஒன்றரை ஏக்கர், பட்டா உண்டு.

"போன பெருமழையில தண்ணி வாசப்படி வரைக்கும் வந்து நின்னுச்சுக்கா. சந்து தொறந்திருந்துச்சு, திரும்பிப் போயிடுச்சு. இப்ப இவங்க எல்லாத்தையும் அடைச்சுட்டா அது எங்க திரும்பும்? எங்கூட்டுக்குள்ள வந்து குந்திக்கும்."

அப்போது ஊராட்சிச் செயலர் மொபெட்டில் வந்து ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்தார். பெண்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தோணியம்மாளும் போட்டாள். எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் மேல்பகுதி வெற்றிடம். நாளைக்குக் கூட்டம் நெரிசலாக இருக்கும், அதனால் இன்றே வாங்கிக்கொள்வார்கள் என்றாள். எப்போதும் அப்படித்தானாம், தீர்மானத்தைச் சார் பிறகு எழுதிக்கொள்வாராம்.

மதியம் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊர் மீன்குழம்பில் தேங்காய்க்கு அடியில் மீனைத் தேட வேண்டும். இங்கே தேடும் வேலை இல்லை. அவள் கணவர் சவரிமுத்து கொத்தனார், அதிகம் பேசாதவர். கை கழுவியபின் அறிக்கையின் வரைபடத்தை விரித்தேன். மறுநாள் எல்லார் முன்னும் காட்டப்போகிற படம்தான். தன் வீடு எங்கே என்று அந்தோணியம்மாள் கேட்டாள். பேனா முனையை வைத்துக் காட்டினேன்.

"நீலமா இருக்குதே."

வருங்கால நீர்ப்பரப்பு நீலம் என்று ஓரத்தில் குறித்திருந்தது. வாசித்துச் சொன்னேன். சவரிமுத்து எழுந்து போய் வாசற்படியில் நின்று ஏரியைப் பார்த்தார். காலையில் வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்து இந்த நீலத்துக்குத்தான் என்பது அந்தோணியம்மாளுக்கு அப்போது புரிந்தது. முந்தைய நாள் அந்தக் குறிப்பில் பிழை திருத்தியவள் நான் என்பதைச் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவள் என் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, நாளைக்கு வருவாய் அல்லவா, ஒழுங்காக எழுது என்றாள்.

அக்டோபர் 2, புதன். கிராம சபை பதினொன்றுக்கு என்று அறிவிப்பு. தொடங்கியது பதினொன்று முப்பத்தெட்டுக்கு. இடம் பள்ளிக்கூடத்து வேப்பமரம். "நெகிழி இல்லா நீடித்த ஏரி" என்று இருபதடி நெகிழிப் பதாகை கட்டியிருந்தது. கூட்டம் தொடங்குமுன் மூன்று பேர் தனித்தனியாக வந்து, முடிந்ததும் பதாகையைத் தங்களுக்குத் தர முடியுமா என்று செயலரிடம் கேட்டார்கள். மழை வந்தால் மல்லாட்டை மூட உதவும். அந்தத் திட்டத்தில் மக்கள் தாமாக முன்வந்து கேட்ட ஒரே பயன் அதுதான்.

முனைவர் அழகாகப் பேசினார். ஏரி நம் தாய் என்றார். மூன்றாம் படம் திரையில் வரும்போது கரண்ட் போயிற்று. மடிக்கணினியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். முதல் வரிசைக்கு மட்டும் தெரிந்தது. முதல் வரிசையில் இருந்தது செயலர்.

கீழண்டையில் ஆறு ஏக்கர் வைத்திருக்கும் ஏழுமலை எழுந்து திட்டத்தை ஆதரித்தார். தண்ணீர் கூடுதலாக நின்றால் நல்லதுதானே என்றார். வருடா வருடம் மேலண்டைக்காரர்களிடம் களிமண்ணுக்குக் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துவிட்டதாம். கீழண்டைப் பக்கத்திலிருந்து கைதட்டல். பலத்த கரவொலி என்று சொல்ல முடியாது, மிதமானது.

அந்தோணியம்மாள் எழுந்தாள். தன் வீடு நீலமாக இருப்பதைச் சொன்னாள். முனைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுவாழ்வுக்குத் தனி அத்தியாயம் இருப்பதாகச் சொன்னார். கரையின் சராசரி உயரம் டிரோன் வைத்து அளந்தது, அதில் சந்தேகமே வேண்டாம் என்றார். பின்பகுதியில் சலசலப்பு எழுந்தபோது மட்டும் அவர் குரல் கொஞ்சம் மாறியது. "அறிவியல் ஓட்டெடுப்பில் முடிவாவதில்லை, அம்மா."

"சரிங்க சார், ஓட்டு வேணாம்" என்றாள் அந்தோணியம்மாள். "தண்ணிக்கி சராசரி தெரியாதுங்களே. எங்க பள்ளமோ அங்கதான் அது ஏறும். நீங்க கரை மேல நடந்தீங்களா?"

முனைவர் நடக்கவில்லை. டிரோன் பறந்தது.

"அது முள்ளு மரத்துத் தலையப் பாத்துருக்கும். முள்ளுக்குக் கீழ ஏழுமலெண்ணா கொல்லக்கிட்ட கரை ஒரு முழம் தேஞ்சு கெடக்குது. நேத்து இந்த யக்காகூட அதுலதான் வுழுந்துச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். இருபத்தாறு வருடத்தில் கூட்டத்தில் நான் பேசிய முதல் சொல்.

சவரிமுத்து அதற்குள் ஒரு சுருள் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். உள்ளே தண்ணீர் ஊற்றினால் இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். வாங்க அளந்துடலாம் என்றார். கூட்டத்தை இடம் மாற்றினால் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை, இருக்குமா என்று செயலர் கவலைப்பட்டார். ஊராட்சித் தலைவரம்மா தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். "பன்னிரண்டு ஐம்பதுக்குக் கூட்டம் ஏரிக்கரைக்கு நடந்தது, நடந்துகொண்டே தொடர்ந்தது" என்று எழுதினேன்.

கோடியில் நட்ட கல்லின் தலையிலிருந்து தொடங்கினார்கள். ஒரு முனையைச் சவரிமுத்து பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க முனைவரே முன்வந்தார். இதைக் கட்டாயம் எழுத வேண்டும். குச்சி நட்டு, கோடு போட்டு, இருபத்தொரு முறை மாற்றி மாற்றி வைத்தார்கள். முனைவரின் கதர்ச் சட்டையை வேலிகாத்தான் இரண்டு இடத்தில் கிழித்தது. தேய்ந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கல்லின் தலையைவிடக் கரை நான்கு விரல்தான் உயரம்.

சந்துகளை அடைத்துவிட்டால் வெள்ளம் கல்லின் தலைக்குமேல் ஏறித்தான் வழிய வேண்டும். நான்கு விரல் ஏறினால் கரை இங்கே உடையும். உடைந்தால் முதலில் போவது ஏழுமலையின் ஆறு ஏக்கர்.

ஏழுமலை பள்ளத்தையும் தன் வயலையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பள்ளத்தை உண்டாக்கியது யாருடைய டிராக்டர் என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதன்பின் அவர் சொன்னது: "களிமண்ணுக்கே கெஞ்சிக்கிறேன். சந்த வுட்டுருங்க சார்."

தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. பதினாறு சந்தும் மழைக்காலத்தில் திறந்தே இருக்க வேண்டும்; அடைத்த மூன்றையும் திறக்க வேண்டும்; கரையின் பள்ளத்தை மேடாக்க வேண்டும். செயலர் புத்தகத்தை மூடப் போனார். அந்தோணியம்மாள் அட்டையின்மேல் கையை வைத்தாள்.

"எழுதிப் படிச்சுக் காட்டு சார். அப்பறம் கையெழுத்து."

நேற்றுத்தான் போட்டாயிற்றே என்றார் அவர். அது வெத்துத் தாள் என்றாள் அவள். பக்கங்களுக்கு எண் இருப்பதால் கிழிக்க முடியாது. ஆகவே நேற்றைய பக்கத்தில் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, ரத்து என்று எழுதி, தலைவரம்மா சுருக்கொப்பம் வைத்தார். என் குறிப்பை நான் வாசிக்க வாசிக்கச் செயலர் அடுத்த பக்கத்தில் எழுதினார். ஒரு தடவை முழுக்கப் படித்துக் காட்டினார். பிறகு வரிசை நின்றது. எண்பத்து மூன்று கையெழுத்து, பதினொரு கைநாட்டு. என் வாழ்நாளில் எழுதியதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்ட கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

மாலை முனைவரிடம் என் குறிப்பின் பிரதியைக் கொடுத்தேன். படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று மனமாரச் சொன்னார். மக்கள் பங்கேற்புடன் குழாய் மூலம் நீர்மட்ட ஆய்வு என்று ஒரு புதிய அத்தியாயமே சேர்க்கப்போவதாகவும் சொன்னார். ஆனால் பழைய குறிப்பு திங்கட்கிழமையே இணையதளத்தில் ஏறிவிட்டது. ஏறியதை மாற்ற அதில் வழியில்லை. திருத்தம் அடுத்த காலாண்டில். அதுவரை வேலை உத்தரவு அப்படியே இருக்கும். வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கலவை இயந்திரம் வந்து மீதிப் பதின்மூன்று சந்தையும் அடைக்கும். தனக்கே வருத்தம்தான், கையில் ஒன்றும் இல்லை என்றார். டிரோன் பெட்டியுடன் கார் புறப்பட்டது. கடைசி பஸ் போய்விட்டிருந்தது. அந்தோணியம்மாள் வீட்டில் தங்கினேன். முனைவர் சொன்னதை அவளிடமும் சவரிமுத்துவிடமும் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். அவள் அந்த இரவே தலைவரம்மா வீட்டுக்கும் ஏழுமலை வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அக்டோபர் 3, வியாழன். ஐந்தரைக்குக் கோடியில் இருந்தோம். எங்களுக்கு முன்பே ஏழுமலை கடப்பாரையுடன் உட்கார்ந்திருந்தார். தலைவரம்மாவும் செயலரும் தீர்மானப் புத்தகத்தோடு வந்தார்கள். ஒன்பதுக்கு வரும் இயந்திரக்காரரிடம் காட்டித் திருப்பி அனுப்புவதற்கு. பழைய கல்லில் அடி படக்கூடாது என்று சவரிமுத்து ஓரமாகத்தான் உளி வைத்தார். கான்கிரீட் பலவீனமாக இருந்தது. முதல் சந்து பதினெட்டு நிமிடம், இரண்டாவது பதினொன்று, மூன்றாவது ஒன்பது. பெயர்ந்த துண்டுகளை அந்தோணியம்மாள் இரும்புச் சட்டியில் சுமந்து போய்க் கரையின் பள்ளத்தில் கொட்டினாள். மேலே களிமண் போட்டாள்.

"மிதிண்ணா. நல்லா மிதி."

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி நின்று மிதித்தார். மணி ஆறு இருபத்தைந்து.